சிறுநீர்த் தடை நீக்கும் சிகிச்சையும் இரத்தத்தின் உப்பும்

தேக்காச் சந்தையிலும் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளங்களிலும் கூடும் நம் முதியவர்கள் முழங்கால் வலியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவர். இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவதைப் பற்றி மட்டும் வாய் திறவார். ஐம்பது வயதைக் கடந்த ஆடவர் பலருக்கு, சிறுநீர்ப்பையின் கழுத்தருகே உள்ள புரோஸ்டேட் சுரப்பி பருத்துச் சிறுநீர் வழியை நெருக்குகிறது. மருந்து பயன்தராதபோது, வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர்த் துவாரத்தின் வழியே குழாயைச் செலுத்தி, மின்வளையத்தால் சுரப்பியைச் சீவி எடுக்கின்றனர். சிராங்கூன் சாலையிலிருந்து அதிகத் தொலைவில்லாத டான் டோக் செங் மருத்துவமனையிலும் இச்சிகிச்சை உண்டு.

சீவும்போது கசியும் இரத்தத்தைக் கழுவ நீர்மம் இடைவிடாது பாய வேண்டும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துமாதலால் பழைய கருவிகளுக்கு அது ஒவ்வாது. ஆதியில் வடித்த நீரைப் பயன்படுத்தினர். அது அறுபட்ட நாளங்களின் வழியே உட்புகுந்து சிவப்பணுக்களை வெடிக்கச் செய்ததை அமெரிக்க மருத்துவர் கிரீவி 1947ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். பின்னர் 1.5 விழுக்காடு கிளைசின் கரைசல் வழக்கத்துக்கு வந்தது. அணுக்கள் தப்பின, வேறொரு தொல்லை எஞ்சியது. நிமிடத்திற்கு 20 மில்லிலிட்டர் உட்புகுந்தாலும் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டரைத் தாண்டிவிடும். ரசத்தில் நீரை ஊற்றினால் உப்புக் குறைவதுபோல், லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கவேண்டிய சோடியம் சரிகிறது. அது 120க்கும் கீழே இறங்குமாயின் மூளை வீங்கி, மனக்குழப்பமும் வலிப்பும் நினைவிழப்பும் நேரக்கூடும்.

இதனாலேயே பலருக்கு முழு மயக்கம் தராமல் முதுகுத்தண்டில் ஊசியிட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்கின்றனர். விழித்திருக்கும் நோயாளியே முதல் எச்சரிக்கை மணி. அமைதியின்மை, குமட்டல், கண் மங்குதல் ஆகியவை தோன்றினால் உடனே சொல்லவேண்டும். "டாக்டர் வேலையாயிருக்கிறார், தொந்தரவு செய்வானேன்" என்னும் நம்மவர் மரியாதை இங்கே ஆபத்தானது. ஆங்கிலம் வராவிடில் தமிழிலாவது கூறலாம். குரல் எழுந்தாலே மருத்துவர் கவனிப்பார். அவர்களும் நீர்மப் பையை அதிக உயரத்தில் தொங்கவிடாமலும், ஒரு மணி நேரத்திற்குள் முடிக்க முயன்றும், உட்சென்ற நீர்மத்தையும் வெளிவந்ததையும் கணக்கிட்டும் காக்கின்றனர். சோடியம் சரிந்தால் சீவுதலை நிறுத்தி, தேவைக்கேற்பச் செறிந்த உப்புநீரை மெதுவாக ஏற்றுவர். அவசரப்பட்டு ஏற்றினால் மூளைத்தண்டே பழுதாகலாம்.

இன்றைய இருமுனை மின்கருவிகளோடு உப்புநீரையே பயன்படுத்த இயலும். அதனால் சோடியச் சரிவு அரிதாகிவிட்டது. ஆயினும் கவலை முற்றும் தீர்ந்தபாடில்லை. இவ்வுப்புநீரில் லிட்டருக்கு 154 மில்லிமோல் குளோரைடு உண்டு. இரத்தத்திலோ ஏறத்தாழ 100தான். மிகுதியாக உட்புகுந்தால் குளோரைடு ஏறி, அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் நீர்த்துப்போய், இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. தளர்ந்த இதயமுள்ளவருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளவும் கூடும்.

இரத்த அழுத்தத்திற்கு நீர்மாத்திரை உண்போருக்குச் சோடியம் முன்னரே குறைந்திருக்கலாம். ஆகவே சிகிச்சைக்கு முந்திய பரிசோதனைக்குச் செல்லும்போது, பலதுறை மருந்தகத்தில் பெற்ற மாத்திரைகளுடன், வீட்டில் உண்ணும் நாட்டு மருந்துகளையும் ஒரே பையில் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுமாறு வாசகர்களை நாம் கேட்டுக்கொள்கிறோம்.