மணற்பாதையும் புறாக்கூண்டும்

சென்ற வாரம், புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகச் சென்ற சிறுவன் மைக்கேல் பாரடே, தன் கைக்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானியாக வளர்ந்த வரலாற்றைப் பார்த்தோம். இந்த வாரம் நாம் காணப்போகிறவர் வறுமையை அறியாதவர். தகப்பனாருடைய சொத்தும் மனைவி கொண்டுவந்த சீதனமும் இருந்தமையால், பிழைப்புக்காக உத்தியோகம் தேடவேண்டிய அவசியம் அவருக்கு ஒரு நாளும் ஏற்பட்டதில்லை. ஆயினும், செல்வமும் அவகாசமும் ஒருங்கே பெற்றவர்கள் உலகில் எத்தனையோ பேர் இருக்க, அந்த அவகாசத்தை ஓர் ஒழுங்குக்கு உட்படுத்தி, அதனால் தெளிந்த மனத்தை எவரிடமும் பாடம் கேட்கத் தயாராக வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருள் சார்லஸ் டார்வினுக்கு இணையாகச் சொல்லத்தக்கவர் ஒருவரும் என் நினைவுக்கு வரவில்லை.

1842-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், லண்டன் நகரத்துப் புகையும் சந்தடியும் தம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமை கண்டு, டார்வின் தம் மனைவி எம்மாவுடனும் குழந்தைகளுடனும் அக்காலத்தில் கெண்ட் ஜில்லாவைச் சேர்ந்திருந்த டௌன் என்னும் சிற்றூரில் குடியேறினார். எம்மா அவருக்குத் தாய்மாமன் மகள். அதற்குப் பின் ஏறக்குறைய 40 ஆண்டுகள், இறுதிவரை, அவ்வூரே அவருக்கு இருப்பிடமாயிற்று. அங்கே அவர் ஒரு நாளைக் கழித்த முறையை அவருடைய குமாரர் பிரான்ஸிஸ், பிள்ளைக்கே உரிய பரிவோடும் விஞ்ஞானிக்குரிய நுட்பத்தோடும் எழுதி வைத்திருக்கிறார். காலையில் சிறிது உலாவிவிட்டுத் தனியே சிற்றுண்டி அருந்தி, 8 மணிக்கு எழுத உட்கார்ந்தால் 9.30 வரையில் வேலை. அந்த ஒன்றரை மணி நேரமே தமக்கு மிகச் சிறந்த நேரம் என்பது அவருடைய அனுபவம். பிறகு கூடத்துக்கு வந்து, தபாலில் வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு, சோபாவில் சாய்ந்தபடி வீட்டார் உரக்கப் படிக்கும் நாவலைக் கேட்பார். 10.30 மணிக்கு மீண்டும் வேலை. பன்னிரண்டு மணியோடு அன்றைய முக்கியமான காரியம் முடிந்துவிட்டதாகக் கொள்வார். உணவுக்குப் பின் பத்திரிகையும் கடிதங்களும்; 3 மணிக்குப் படுக்கை அறையில் ஓய்வும் இன்னும் கொஞ்சம் நாவலும்; 4 மணிக்கு மறுபடியும் உலாவல்; 4.30 முதல் 5.30 வரை மிச்சமிருந்த வேலை. இரவில் எம்மாவோடு பகடை உருட்டி ஆடும் பாக்கமன் ஆட்டம் தவறாமல் இரண்டு. அந்த ஆட்டங்களுக்குக் கூடக் கணக்கு உண்டு: எம்மா 2490 முறையும் தாம் 2795 முறையும் வென்றிருப்பதாக, 1876-இல் அமெரிக்க நண்பர் ஒருவருக்குக் குதூகலத்தோடு எழுதியிருக்கிறார்.

கூட்டிப் பார்த்தால் மேஜை முன் உட்கார்ந்து செய்த வேலை ஒரு நாளில் நான்கு மணி நேரம், அவ்வளவுதான். உலகத்தார் உயிரினங்களைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்தையே புரட்டிய புத்தகங்கள் அந்த நான்கு மணி நேரங்களில் பிறந்தவை.

அவருடைய உலாவலைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். பக்கத்து நிலச்சுவான்தார் ஸர் ஜான் லப்பக்கிடம் குத்தகைக்குப் பெற்ற ஒன்றரை ஏக்கர் அளவான நீண்ட நிலத்தில், பலவகை மரங்களையும் புதர்களையும் நட்டு, அதைச் சுற்றி மணலும் சரளையும் பரப்பிய ஒரு பாதையை டார்வின் அமைத்துக்கொண்டார். ஒரு பக்கம் நிழல், மற்றொரு பக்கம் திறந்த பள்ளத்தாக்கு. இன்ன நாளில் இத்தனை சுற்று என்று வகுத்துக்கொண்டு, பாதை தொடங்கும் இடத்தில் சக்கிமுக்கிக் கற்களைக் குவித்துவைத்து, ஒரு சுற்று முடியும்தோறும் ஒரு கல்லைக் காலால் எற்றித் தள்ளிவிடுவார். எண்ணிக்கையை நினைவில் நிறுத்தவேண்டிய தொல்லைகூட மனத்துக்கு இல்லை. இரும்புப் பூண் கட்டிய கைத்தடி தரையில் ‘டக், டக்’ என்று தாளம் போட நடந்து செல்பவர், பறவையையோ விலங்கையோ பார்க்க நேர்ந்தால் அசையாமல் நின்றுவிடுவதும் உண்டு. ஒரு நாள் அவ்விதம் நின்றபோது, அணிற்குஞ்சுகள் சில அவரை மரமென்று எண்ணிக் கால் வழியாகவும் முதுகு வழியாகவும் ஏறி ஓட, தாய் அணில் மரத்தின் மேலிருந்து பதறிக் கத்தியதாம். அணிலும் ஐயுறாத அளவுக்கு உடம்பையும் மனத்தையும் அடக்கி நிற்க ஒருவருக்குக் கைகூடியது என்றால், அந்த நிதானம் எத்தனை வருஷத்துப் பயிற்சியால் வந்திருக்கவேண்டும் என்று நினைக்கும்போது எனக்கு வியப்பு மேலிடுகிறது.

‘பணமுள்ள சீமான், பிற்பகல் மூன்று மணிக்குப் படுத்துக்கொள்ளலாம். காலையில் போய் மாலையில் திரும்பும் குமாஸ்தாவுக்கு அது ஆகுமா?’ என்று வாசகர்கள் கேட்பது நியாயமே. அந்த நேரப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளும்படி நான் சொல்லவில்லை. கவனிக்கவேண்டியது வேறு. டார்வின் இயல்பிலே ஓய்வை விரும்பியவர் அல்லர். வாலிபத்தில் ‘பீகிள்’ கப்பலில் ஏறி, 1831 டிசம்பரில் புறப்பட்டு 1836 அக்டோபரில் திரும்பும்வரை, ஓயாமல் உழைத்தவர் அவர். பின்னாளில் வந்த தீராத வயிற்று உபாதையும் மயக்கமும் தலைச்சுற்றலும் அவரை நிறுத்தி வைத்தன. அப்போதும் விடுமுறை என்றால் அவருக்கு வேம்பு. தலை மிகவும் களைத்துப்போனதற்கு அறிகுறிகள் தெரிந்தபின், எம்மா வற்புறுத்தி எங்கேனும் அழைத்துச் செல்ல முயன்றால், ஆறு நாளை ஐந்து நாளாகக் குறைக்கும்படி பேரம் பேசுவாராம்! இத்தகைய மனிதர் ஓய்வை வேலைக்கு நடுவிலேயே, வேலையின் அங்கமாகவே வைத்துக்கொண்டார் என்பதுதான் விசேஷம். எல்லாக் காரியங்களும் முடிந்தபின் இளைப்பாறலாம் என்று ஒத்திப்போடுகிறவனுக்குக் காரியங்களும் முடிவதில்லை, இளைப்பாறுதலும் வாய்ப்பதில்லை. எம்மாவைப் போல ஒரு காவலர் பக்கத்தில் இருந்தமையால் அந்த ஒழுங்கு குலையாமல் நின்றது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இனி, இந்த ஓய்வுக்கும் கற்கும் பணிவுக்கும் உள்ள சம்பந்தத்துக்கு வருகிறேன். களைத்து விரைந்து ஓடுகிற மனம், தான் முன்பே கட்டிக்கொண்ட முடிவுகளைக் காப்பாற்றிக்கொள்ளவே தன் எஞ்சிய பலத்தைச் செலவிடுகிறது. புதிதாக ஒருவர் ஒன்று சொன்னால் அதற்கு இடம் கொடுக்கும் பொறுமை அதற்கு இல்லை. எதிர்த்துச் சொல்கிறவர் எல்லோரும் அதற்குப் பகைவராகத் தோன்றுகிறார்கள். டார்வினுடைய மனத்துக்கு அந்த அவசரம் இல்லாதிருந்தமையால், எவர் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்ள அதில் இடம் இருந்தது.

இளமையிலேயே அதற்கு அடையாளம் காண்கிறோம். எடின்பரோ நகரில் வைத்தியம் படிக்கச் சென்று, அந்தப் படிப்பில் மனம் ஒட்டாமல் இருந்த காலத்தில், கயானா நாட்டில் அடிமையாக இருந்து விடுதலை பெற்று வந்த ஜான் எட்மன்ஸ்டன் என்ற கறுப்பு மனிதரிடம், செத்த பறவைகளைப் பதப்படுத்தி அடைத்து வைக்கும் வித்தையைக் கூலி கொடுத்துக் கற்றார். நிறத்தையும் குலத்தையும் கொண்டு மனிதரை மதிப்பிட்ட அக்காலத்தில், வசதி மிக்க வைத்தியர் வீட்டுப் பிள்ளை அவர் பக்கத்தில் அடிக்கடி போய் உட்கார்ந்து, அவருடைய இனிய சுபாவத்தையும் அறிவையும் பின்னாளிலும் நினைத்துப் பாராட்டினார். அந்த வித்தையே பிறகு கப்பற் பிரயாணத்தில் கைகொடுத்தது. ஆயினும், கலாபகோஸ் தீவுகளில் தாம் பிடித்த பறவைகளை எந்தத் தீவில் பிடித்தவை என்று சரியாகக் குறித்துவைக்க அவர் தவறிவிட்டார். 1837-இல், பறவை சாஸ்திரத்தில் வல்ல ஜான் கூல்ட் என்பவர், டார்வின் வெவ்வேறு குடும்பம் என்று கருதியவை யாவும் ஒரே குருவி இனத்தைச் சேர்ந்தவை என்று காட்டியபோது, டார்வின் வாதாடவில்லை. கப்பல் தலைவர் பிட்ஸ்ராயும், தம்மிடம் ஊழியம் பார்த்த சிம்ஸ் கவிங்டனும் சேகரித்துத் தீவின் பெயரோடு வைத்திருந்த பறவைகளைத் தேடிச் சென்று பார்த்தார். எஜமானன் தவறவிட்டதை ஊழியன் குறித்து வைத்திருந்தான். அதைக் கொண்டு பாடம் படிக்க எஜமானனுக்கு வெட்கம் உண்டாகவில்லை.

கடல் ஓட்டுயிர்களை ஆராய்வதில் எட்டு வருஷம் கழித்தபின், 1855-இல் அவர் புறா வளர்க்கத் தொடங்கினார். தோட்டத்தில் கூண்டு கட்டி, கிடைத்த ஜாதிகளை எல்லாம் வாங்கி விட்டார்: மயில் போல வாலை விரிக்கும் விசிறிவால் புறா, கழுத்துப் பையை ஊதிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் புறா, வானத்திலே குட்டிக்கரணம் போடும் கர்ணப்புறா, இன்னும் பல. புத்தகத்தில் இல்லாத நுட்பங்கள் புறாப் பிரியர்களுக்குத் தெரியும் என்பதை அறிந்து, லண்டனில் இருந்த புறாச் சங்கங்கள் இரண்டில் அங்கத்தினராகச் சேர்ந்தார். பரோ என்னும் பகுதியிலிருந்த சாராயக் கடை ஒன்றில், பெரும்பாலும் எளிய தொழிலாளிகளாகிய அவர்களுக்கு நடுவே உட்கார்ந்து, அலகின் நீளத்தையும் இறகின் எண்ணிக்கையையும் பற்றி அவர்கள் செய்த தர்க்கங்களைக் காது கொடுத்துக் கேட்டார். இங்கே நம் நாட்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு: சென்னை ராஜதானியில் பெரிய பதவி வகித்தவரும், அமராவதிச் சிற்பங்களை அகழ்ந்தெடுத்தவரும் ஆகிய ஸர் வால்டர் எலியட், டார்வின் வேண்டுகோளுக்கு இணங்கி இந்நாட்டுப் புறாக்களின் தோல்களை அவருக்கு அனுப்பி உதவினார். ஒவ்வொரு புறா ஜாதியும் ஒவ்வொரு காட்டுப் பறவையிலிருந்து வந்தது என்பது வளர்ப்பவர்களுடைய நம்பிக்கை. எல்லாம் மாடப்புறா ஒன்றிலிருந்தே கிளைத்தவை என்பது டார்வின் கண்ட முடிவு. முடிவில் மாறுபட்டாலும், அந்த முடிவுக்கு ஏணியாக நின்ற அறிவு அவர்களுடையது என்பதை அவர் மறைக்கவில்லை. 1859-இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ என்ற நூலின் முதல் அத்தியாயத்திலேயே புறாக்களுக்கு உயர்ந்த இடம் கிடைத்திருக்கிறது.

அவர் கைக்கொண்ட ஒரு நியமம் இதைவிட அருமையானது. தம் கொள்கைக்கு விரோதமான ஒரு செய்தியோ எண்ணமோ எதிர்ப்பட்டால், அதை அந்தக் கணமே குறித்துவைத்துவிடுவார். அனுகூலமான செய்திகளைக் காட்டிலும் பாதகமானவை விரைவாக மறந்துபோகின்றன என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருந்தார். அந்தப் பழக்கத்தின் பயனாக, 1872-ஆம் ஆண்டு வரையில் தம் நூலை ஆறு பதிப்புகளில் திருத்தித் திருத்தி வெளியிட்டார். நம்மில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு மாதம் இப்படிக் குறித்துவைத்துப் பார்த்தால், மறதி என்று நாம் சொல்லிக்கொள்வதில் எத்தனை பங்கு அகங்காரம் என்பது விளங்கும்.

இவ்வளவு ஒழுங்காக இளைப்பாறி, இவ்வளவு பணிவாகக் கற்ற மனிதருக்கும் ஒரு பெரிய நஷ்டம் நேர்ந்தது. அதை அவரே மறைக்காமல் எழுதிவைத்தார். 1876-இல் தம் மக்களுக்காக எழுதிய சுயசரிதத்தில், முப்பது வயது வரையில் தமக்கு ஆனந்தம் தந்த கவிதை இப்போது ஒரு வரிகூடப் படிக்க இயலாததாகிவிட்டது என்று அவர் வருந்துகிறார். பள்ளிப் பருவத்தில் ஜன்னல் மேடையில் உட்கார்ந்து மணிக்கணக்காக ஷேக்ஸ்பியர் படித்தவர். கப்பலிலிருந்து இறங்கிக் காடுமேடு அலைந்தபோதெல்லாம் ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் இடம் உண்டு என்றால் மில்டன் காவியத்தை எடுத்துச் சென்றவர். கேம்பிரிட்ஜ் தேவாலயத்துச் சங்கீதத்தைக் கேட்டு உடல் சிலிர்த்தவர். அத்தகையவருக்கு முதுமையில் ஷேக்ஸ்பியர் கசந்துவிட்டது. மறுபடி வாழ நேர்ந்தால், வாரத்துக்கு ஒரு முறையேனும் கவிதை படிக்கவும் சங்கீதம் கேட்கவும் நியமம் வைத்துக்கொள்வேன் என்று எழுதியபோது அவருக்கு வயது 67.

நாள்தோறும் மணிக்கணக்காக நாவல் கேட்டவருக்கு இந்தக் கதி ஏன் நேர்ந்தது? என் மனத்தில் படுவதைச் சொல்கிறேன். முடிவு சந்தோஷமாக இருக்கவேண்டும், அதில் அன்புக்குரிய ஒரு பாத்திரம் இருக்கவேண்டும் என்பதற்கு மேல் அவர் நாவலிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாவலும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஓய்வு களைப்புக்கு மருந்தாக இருந்தது. மருந்து நோயை ஆற்றும், உடம்பை வளர்க்காது. கவிதையோ தன் முன் உட்காருகிறவனை மாணாக்கனாக இருக்கச் சொல்கிறது. சாராயக் கடையில் புறாக்காரருக்கு முன் மாணாக்கராக உட்கார்ந்த டார்வின், எந்தக் காரணத்தாலோ மில்டனுக்கு முன் அப்படி உட்காருவதை நிறுத்திவிட்டார். விஞ்ஞானத்தில் நாள்தோறும் பெற்ற பயிற்சியால் அந்தப் பணிவு வாடாமல் இருந்தது. ரஸனையில் பயிற்சி நின்றதும் வாடிவிட்டது. நம் காலத்தில், வேலை முடிந்து வந்து வானொலியைத் திருப்பிவிட்டு எதையும் கேளாமல் உட்கார்ந்திருக்கும் நல்லவர்கள் பலரைப் பார்க்கும்போது, அந்தப் பெரியவர் விட்ட பெருமூச்சு என் காதில் விழுகிறது.

இருந்தாலும் இறுதி ஆண்டுகளில் சங்கீதம் எதிர்பாராத வழியில் அவர் வீட்டில் நடந்த ஆராய்ச்சி வேலையோடு வந்து கலந்தது. வெகு காலத்துக்கு முன், தாய்மாமனும் மாமனாருமான ஜோசையா வெட்ஜ்வுட், வயலில் பரப்பிய சுண்ணாம்பு சில வருஷங்களில் மண்ணுக்கடியில் இறங்கிவிடுவதைக் காட்டி, அது மண்புழுக்களின் வேலையாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை 1837-லேயே ஒரு கட்டுரையாக எழுதிப் படித்த மருமகன், எழுபது வயதை எட்டியபின் அதை மீண்டும் கையில் எடுத்து, மண்சட்டிகளில் புழுக்களை வளர்த்துத் தம் அறையிலேயே வைத்துக்கொண்டார். புழுவுக்குக் காது கேட்குமா? ஊதல் ஊதிப் பார்த்தார்கள், பிரான்ஸிஸ் தம் பஸ்ஸூன் குழலில் கனத்த ஸ்வரங்களை வாசித்தார், பியானோவும் ஒலித்தது. புழுக்கள் சட்டை செய்யவில்லை. சட்டிகளைத் தூக்கிப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கீழ் ஸ்வரத்தைத் தட்டியதும், அதிர்ச்சியை உணர்ந்து சரேலென்று வளைக்குள் புகுந்துகொண்டன. காகிதத்தை முக்கோணங்களாக வெட்டிப் போட்டு, வளையின் வாயை அடைக்க அவற்றை எந்த முனையைப் பற்றி இழுக்கின்றன என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து, இப்பிராணிகளுக்கும் ஓரளவு புத்தி உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டார். 1881 அக்டோபரில் இந்த ஆராய்ச்சியைக் கூறும் நூல் வெளியானவுடன் ஆயிரக்கணக்கில் விற்றது. தோட்டக்காரர்களும் ஊர்பேர் அறியாதவர்களும் தங்கள் மண்ணில் கண்டதை எல்லாம் அவருக்குக் கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள். அடுத்த ஏப்ரலில் காலமான அந்தப் பெரியவர், தமக்கு வரும் கடிதம் எத்தனை அறியாமை நிறைந்ததாக இருந்தாலும் பதில் எழுதாமல் விடுவதில்லை என்பதை வாழ்நாள் விரதமாகக் கொண்டிருந்தார்.

(தொடரும்)