பொறுமையைக் கேட்கும் வண்டி

ஜப்பானிய யமஹா நிறுவனம் 1976-ஆம் ஆண்டில் எக்ஸ்.டி. 500 என்னும் மோட்டார் சைக்கிளை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் எஞ்சினில் சிலிண்டர் ஒன்றே. கொள்ளளவு 499 சி.சி. மண்பாதைக்கென்றே பிறந்தது அதன் உடன்பிறப்பான டி.டி. 500. இதுவோ, விளக்குகளுடன் சாலைக்கென அமைந்தும் கரடுமுரடான வழிக்கு அஞ்சாதது.

ஆயினும் அதனை உயிர்ப்பிப்பது எளிதன்று. கிக்கரை உதைப்பதைத் தவிர வேறு வழியில்லை. சினத்தோடு உதைத்தால், கிக்கர் திரும்பி நம் காலையே காயப்படுத்தும். முதலில், இடக்கைப் பிடியருகே உள்ள சிறு நெம்புகோலை இழுத்து, சிலிண்டரில் அடைபடும் காற்றுக்கு வழிவிட வேண்டும். பின்னர் கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். எஞ்சினின் தலைப்பகுதியிலுள்ள சிறு கண்ணாடித் துளையில் குறி தோன்றியதும் நெம்புகோலை விட்டு, ஒரே மூச்சில் உதைத்தல் வேண்டும்.

இவ்வண்டியில்தான் பிரெஞ்சு வீரர் சிரில் நெவ்யூ 1979-இல் நடந்த முதல் பாரிஸ்-டாக்கார் பந்தயத்தில் சகாராவைக் கடந்து வென்றார், 1980-இலும் வென்றார்.

பாலைவனத்தையே கடந்த வண்டியும், புறப்படுமுன் சிறிது பொறுமையைக் கேட்கிறது. நம் இல்லங்களிலும் அவ்வாறே அன்றோ? ஆத்திரத்தில் நாம் உதைப்பது நம்மையே திரும்பித் தாக்கும். தக்க தருணம் பார்த்துச் சொல்லும் ஒரு சொல்லோ குடும்பத்தை நெடுந்தூரம் கொண்டு செல்லும்.