ஸ்டாண்டு போட்டாச்சு... அப்புறம் ஏன் சைக்கிள் விழுது?

புது சைக்கிள் வாங்கும்போது பிரேக்கைப் பிடித்துப் பார்ப்போம், பெல்லை அடித்துப் பார்ப்போம். ஸ்டாண்டை? 'அதான் நிக்குதே' என்று விட்டுவிடுவோம். ஆனால், கேரியரில் அரிசி மூட்டையோ, சின்ன சீட்டில் குழந்தையோ இருக்கும்போது மொத்த எடையும் சாய்வது அந்த ஒற்றைக் காலில்தான்.

சைடு ஸ்டாண்டு போட்டால் சைக்கிள் இடது பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்க வேண்டும். ரொம்ப நேராக நின்றால் பலமாகக் காத்தடிச்சாலே வலது பக்கம் விழுந்துடும். ரொம்பச் சாய்ந்தால் ஸ்டாண்டின் நீளம் போதவில்லை என்று அர்த்தம். மணலிலும் சேற்றிலும் கால் புதையும். அடியில் ஒரு ஓட்டுத்துண்டு வையுங்கள். சரிவான இடமா? முன்சக்கரம் மேட்டைப் பார்த்து இருக்கட்டும். பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் சைக்கிள் முன்னால் உருளும், ஸ்டாண்டு தானாக மடங்கிவிடும்.

குழந்தை விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். 'பால் பாக்கெட் வாங்க ஒரு நிமிஷம்தானே' என்று சீட்டில் உட்காரவைத்துவிட்டு நகரவே கூடாது. குழந்தை எட்டிப் பார்த்தாலே எடை மாறி சைக்கிள் சாயும். ஏற்றும்போது பைகள் முதலில், குழந்தை கடைசியில். இறக்கும்போது குழந்தைதான் முதலில். இரண்டு நேரத்திலும் சைக்கிள் உங்கள் இடுப்பில் சாய்ந்திருக்கட்டும்.

தாத்தா காலத்துப் பெரிய சைக்கிளில், பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் இரட்டைக்கால் ஸ்டாண்டு இருக்கும். உறுதியில் இதை அடிச்சுக்க முடியாது. ஆனால் சக்கரம் தரையில் படாததால், பெடலைக் கையால் சுத்தி விளையாடுவது வாண்டுகளுக்குப் பிடித்த ஆட்டம். (நாம மட்டும் என்னவாம்!) செயினிலோ, சக்கரக் கம்பியிலோ விரல் மாட்டினால் காயம் சாதாரணமாக இருக்காது. நிறுத்தியதும் பின்சக்கரப் பூட்டைப் போட்டுவிடுங்கள், சக்கரம் சுத்தாது.

ஓட்டும்போது ஆபத்து ஸ்பிரிங்கில்தான். அது தளர்ந்தால், மேடு பள்ளத்தில் ஸ்டாண்டு தானாக இறங்கிவிடும். இடது பக்கம் வளைத்துத் திரும்பும்போது ரோட்டில் தட்டினால் ஆளையே கவிழ்த்துடும். மடக்கிய ஸ்டாண்டைக் காலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். பாதியில் தொங்கினால் ஸ்பிரிங்கை மாத்துங்க. போல்ட் லூஸாக இருந்தால் இறுக்கலாம், ஆனால் முழு பலத்தையும் காட்டாதீர்கள். ஸ்டாண்டு மாட்டியிருக்கும் ஃபிரேம் குழாய் நசுங்கிவிடும், அலுமினியம் என்றால் இன்னும் சீக்கிரம்.

மழைக்காலத்தில் ஸ்டாண்டு மடங்கும் இடத்தில் அப்பியிருக்கும் சேற்றைத் துடைத்துவிட்டு இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள். இரண்டே சொட்டு. வழிந்து ரிம்மில் பட்டால் பிரேக் பிடிக்காது.