ஓவர்லுக்கும் லுக் ஓவரும்

பத்துப் பதினைந்து வருஷம் முன்னாடி நடந்தது. வெளிநாட்டுக் கிளையில் இருந்த சக பொறியாளர் எழுதிய நிரலை ரெண்டு நாள் உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்த்தேன். முடித்த திருப்தியில் "ஐ ஓவர்லுக்ட் யுவர் கோட்" என்று மடல் தட்டிவிட்டேன். "பரவாயில்லை, நேரம் கிடைக்கும்போது பாருங்கள்" என்று பதில் வந்தது. மேலாளருக்கும் நகல் போயிருந்தது. ரெண்டு நாள் வேலையைச் செய்துவிட்டு, செய்யவே இல்லை என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்!

தப்பு எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்தேன். நம்ம 'மேற்பார்வை'தான் காரணம். தமிழில் 'மேல்' முன்னால் வரும், 'பார்வை' பின்னால் வரும். அதே வரிசையில் ஆங்கிலத்தைக் கோத்தேன். ஆனால் அங்கே 'ஓவர்' பின்னால் வந்தால் (லுக் ஓவர்) சரிபார்ப்பது. முன்னால் ஒட்டினால் (ஓவர்லுக்) கவனிக்காமல் விட்டுவிடுவது.

இப்படி இன்னும் ஜோடிகள் உண்டு. 'டேக் ஓவர்' பொறுப்பேற்பது, 'ஓவர்டேக்' முந்திச் செல்வது. 'செட் அப்' நிறுவுவது, 'அப்செட்' நிலைகுலையச் செய்வது. தீர்ப்பை 'ஹோல்ட் அப்' செய்தால் தாமதம், 'அப்ஹோல்ட்' செய்தால் உறுதி.

பழைய ஆங்கிலத்தில் இப்படி முன்னால் ஒட்டும் வழக்கம் அதிகம். 'அண்டர்ஸ்டாண்ட்', 'வித்ஸ்டாண்ட்' எல்லாம் அந்தக் காலத்து மிச்சம். சுமார் 1100 முதல் 1500 வரையிலான இடைக்கால ஆங்கிலத்தில் இந்தச் சின்னச் சொற்கள் வினைக்குப் பின்னால் வருவது பெருகியது.

பின்னால் போனதோடு பிரச்சினை முடியவில்லை. 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' ரெண்டும் சரி. 'லைட்' என்பதற்குப் பதில் 'இட்' வந்தால் 'டர்ன் இட் ஆஃப்' மட்டும்தான். 'டர்ன் ஆஃப் இட்' தப்பு. அப்படியானால் 'லுக் ஆஃப்டர் இட்' எப்படிச் சரி? அங்கே 'ஆஃப்டர்' நம்ம வேற்றுமை உருபு மாதிரி, பெயரோடு சேர்ந்தது. அதனால் இடம் மாறாது. காதாலும் ஓரளவு பிடிக்கலாம்: 'டர்ன் இட் ஆஃப்' என்பதில் அழுத்தம் 'ஆஃப்'பில் விழும், 'லுக் அட் இட்' என்பதில் 'லுக்'கில் விழும், 'அட்' அமுங்கிப் போகும்.

அர்த்தத்தை மனப்பாடம் பண்ணுவது தவிர வழியில்லையா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. நம்மகிட்டயும் இதே கதைதான். 'பார்' தெரிந்த வெளிநாட்டவருக்குக் 'குழந்தையைப் பார்த்துக்கொள்' புரியாது. 'சாப்பிட்டுப் பார்' என்பதில் கண்ணுக்கு என்ன வேலை?

நான் செய்யும் பயிற்சி இதுதான். ஒரு வினை, என் வேலையில் உள்ள ஒரு பொருள், மூன்று வாக்கியம்:

1. ஐ லுக்ட் ஓவர் த கோட்.
2. ஐ லுக்ட் த கோட் ஓவர்.
3. ஐ லுக்ட் இட் ஓவர்.

வாய்விட்டுச் சொல்லணும். மூன்றாவதை மட்டும் ரெண்டு தடவை சொல்லணும், நாம் வழுக்குவது அங்கேதான். பொருள் நீளமாக இருந்தால், உதாரணமாக 'நேற்று நீங்கள் அனுப்பிய நிரல்' என்றால், முதல் வடிவமே நல்லது. நடுவில் அத்தனையும் திணித்தால் கடைசி 'ஓவர்' வருவதற்குள் கேட்பவர் தொலைந்துபோவார்.

ஒரு நாளைக்கு ஒரு வினை போதும். இன்றைக்கும் நிரலைச் சரிபார்த்து மடல் எழுதினால், அனுப்புவதற்கு முன் 'ஓவர்' எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.