வாயிற்காவலனுக்கு ஒரு தேர்வு



இணையதளத்தில் விண்ணப்பம் நிரப்பும்போது, வளைந்து நெளிந்த எழுத்துக்களைக் காட்டி, அவற்றைப் படித்து எழுதுமாறு கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். இதற்குக் காப்ச்சா என்று பெயர். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் வான் ஆன், மானுவல் பிளம் முதலிய அறிஞர்கள் சூட்டிய பெயர் அது. வந்திருப்பவர் மனிதரா, மனிதர்போல் நடிக்கும் கணிப்பொறியா என்று பிரித்தறிவதே அதன் வேலை. பொய்க் கணக்குகளைப் பொறிகள் ஆயிரக்கணக்கில் தொடங்காமல் தடுக்கும் வாயிற்காவலன் எனலாம்.

காவலன் விழித்திருக்கிறானா என்று எவ்வாறு அறிவது? திருடன் வரும் வழியில் நாமே முன்னதாக வந்து பார்க்க வேண்டும். 2003-ஆம் ஆண்டில், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கிரெக் மோரி, ஜிதேந்திர மாலிக் ஆகிய இருவரும் அவ்வாறே செய்தனர். அவர்கள் எழுதிய நிரல், 'ஈஸி கிம்பி' என்னும் காப்ச்சாவை நூற்றுக்கு 92 முறை சரியாகப் படித்தது. அதில் வந்தவை அகராதிச் சொற்கள். ஆகவே சில எழுத்துக்கள் விளங்கினாலே சொல்லை ஊகித்துவிடலாம். அதுவே அதன் பலவீனம்.

2008-இல், இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் காப்ச்சாவைச் சோதித்து, நூற்றுக்கு 60 முறைக்கு மேல் வென்றனர். தனி எழுத்தை அறிவது பொறிக்கு எளிது. ஒட்டிக்கிடக்கும் எழுத்துக்களைப் பிரிப்பதே அதற்குக் கடினம் என்பது இத்தகைய சோதனைகளால் தெளிவாயிற்று. 2014-இல், மிகக் கடினமான நெளிவெழுத்தையும் பொறி நூற்றுக்கு 99.8 அளவு படித்துவிடும் என்று கூகுள் நிறுவனமே அறிவித்தது.

அப்படியானால் எழுத்தை இன்னும் சிதைக்கலாமே என்பீர்கள். அங்கேதான் துன்பம். சென்ற ஆண்டு ஓய்வூதியம் பற்றிய விண்ணப்பம் ஒன்றில், கண் மங்கிய நான் மும்முறை தவறினேன். பக்கத்து வீட்டுப் பையன் படித்துச் சொன்ன பிறகே வாயில் திறந்தது. நாற்பதாண்டுகள் எழுத்தறிவித்தவனை மனிதனல்லன் என்று அத்தேர்வு தள்ளிவிட்டது! பார்வையற்றோருக்கென ஒலி வடிவமும் உண்டு. ஆனால் 2017-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தார் அவ்வொலித் தேர்வையும் நூற்றுக்கு 85 அளவு பொறியால் வென்று காட்டினர்.

தகுதியுடையோரைத் தோற்கடித்து, தகுதியற்றோரைத் தேர்ச்சி பெறச் செய்யும் வினாத்தாள் நல்ல வினாத்தாளாகுமா? ஆதலால் காவலைச் சோதிப்போர் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: பொறி நுழைகிறதா? மனிதர் எவரேனும் வெளியே நிற்கிறாரா?

உங்களுள் சிலர் நாளை இப்பணியில் ஈடுபடலாம். உரியவரின் இசைவு பெற்றே சோதியுங்கள். கண்ட குறையை முதலில் அவரிடமே கூறுங்கள். பூட்டின் குறையை வீட்டுக்காரனிடம் சொல்பவன் நண்பன். அதனைத் தன் ஆதாயத்திற்குப் பயன்படுத்துபவன் திருடன். இருவருக்கும் கல்வி ஒன்றே, வேறுபடுவது ஒழுக்கமே.