தறப்பாள் கொட்டில்: மாரிக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

உங்கள் சொந்தக் காணிக்குத் திரும்புகிறீர்கள். நிரந்தர வீடு கிடைக்கும் வரை பல மாதங்கள் ஒரு கூடாரத்திலோ தறப்பாள் கொட்டிலிலோ இருக்க வேண்டி வரலாம். 2009 ஓகஸ்டில் மனிக் பாமில் பெய்த மழைக்கே கூடாரங்களுக்குள் தண்ணீர் புகுந்ததை உங்களில் பலர் கண்டிருக்கிறீர்கள். அது மாரிக்கு முந்திய மழை. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை வன்னியில் பெய்யும் மழை அதைவிடப் பெரிது. நல்ல இடத்தில் இறுக்கமாகக் கட்டினால் சாதாரணத் தறப்பாளும் மாரியைத் தாங்கும். பள்ளத்தில் அடித்தால் விலை கூடிய கூடாரமும் உதவாது.

கூடாரமா, தறப்பாளா?

தைத்த கூடாரத்தை ஒரு மணித்தியாலத்தில் நிமிர்த்தி விடலாம். முதல் சில வாரங்களுக்கு அது நல்லது. ஆனால் பகலில் உள்ளே வெக்கை அதிகம். ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் குடும்பக் கூடாரமும் ஏறத்தாழ ஒரு வருடப் பாவனைக்கென்றே செய்யப்பட்டது. பங்கீட்டில் கூடாரம் கிடைத்தால் அங்கேயே விரித்துப் பாருங்கள். கம்பிகள், முளைகள், கயிறுகள், வாசல் சிப், நுளம்பு வலை எல்லாம் சரியா என்று பார்த்த பின் கையொப்பமிடுங்கள்.

தறப்பாள் நீண்ட நாளுக்குப் பொருத்தம். தடிகள் நட்டுக் கட்டிய சட்டத்தின் மேல் இன்று தறப்பாளையும் நாளை தகரத்தையும் போடலாம். தகரம் கிடைத்தவர்கள் அதைக் கூரைக்கும் தறப்பாளைச் சுற்று மறைப்புக்கும் பயன்படுத்துங்கள்.

நிவாரணப் பொருட்கள் இலவசமானவை. அவற்றுக்காக யாருக்கும் பணமோ வேறு எதுவுமோ கொடுக்க வேண்டியதில்லை.

எந்த இடத்தில் கட்டுவது?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த இடத்தில் மிதிவெடி அகற்றப்பட்டு விட்டதா? கிராம அலுவலரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். தடி வெட்டவும் விறகு பொறுக்கவும் அகற்றப்படாத பற்றைக்குள் போக வேண்டாம். கப்பு நடக் கிடங்கு கிண்டும் போது உலோகம் எதுவும் தட்டுப்பட்டால் அத்துடன் நிறுத்துங்கள். தொடாதீர்கள். வந்த வழியே திரும்பிச் சென்று அறிவியுங்கள். வளவில் வளர்ந்த புல்லையும் குப்பையையும் கொளுத்தாதீர்கள். மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் சூட்டினால் வெடிக்கக்கூடும்.

அடுத்து, தண்ணீர் ஓடும் வழியைப் பாருங்கள். 2008 நவம்பரில் நிஷா புயல் மழையின் போது உங்கள் வளவில் எதுவரை வெள்ளம் நின்றது என்று அயலவரிடம் கேளுங்கள். அந்த மட்டத்துக்கு மேலே கட்டுங்கள். வாய்க்கால் ஓரம், குளத்தின் கீழ்ப்புறம், பட்ட மரத்தின் அடி ஆகியவை வேண்டாம். குண்டடி பட்ட பனையும் தென்னையும் காற்றுக்கு முறிந்து விழும்.

பழைய வீட்டு அத்திவாரத்தின் மேல் கட்ட வேண்டாம். வீட்டுத்திட்டம் வரும் போது அந்த இடம் வெறுமையாக இருக்கட்டும். மலசலகூடம் கிணற்றிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி இருக்க வேண்டும். இறைத்துச் சுத்தம் செய்யாத பழைய கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். கட்டில்லாத கிணறுகளைச் சுற்றி வேலி அடையுங்கள்; புல் மூடிய கிணறு பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரியாது.

எப்படிக் கட்டுவது?

பொதுவாகக் கிடைக்கும் தறப்பாள் 4 மீற்றர் அகலமும் 5 மீற்றர் நீளமும் கொண்டது. அதாவது ஏறத்தாழ 13 அடிக்கு 16 அடி. இதைக் கூரையாகப் போட, 9 அடி அகலமும் 14 அடி நீளமும் உள்ள சட்டம் பொருத்தம். நான்கு புறமும் ஏறக்குறைய ஓரடி தாழ்வாரம் விழும். ஒருவருக்கு 3.5 சதுர மீற்றர் இடம் வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். அதன்படி இக்கொட்டில் மூவருக்குப் போதும். அதற்கு மேற்பட்ட குடும்பத்துக்கு இரண்டு தறப்பாள் வேண்டும்.

1. பக்கக் கப்புகள் நிலத்துக்கு மேல் 6 அடியும் நடுக்கப்புகள் 9 அடியும் இருக்கட்டும். இரண்டடி ஆழத்தில் நட்டு, மண்ணை இடித்து இறுக்குங்கள். கறையான் பிடிக்காமல் அடியைத் தீயில் கருக்கிக் கொள்ளுங்கள்.
2. முகட்டு வளையைக் கட்டி, கூரையை நன்கு சரிவாக விடுங்கள். சரிவு குறைந்தால் தறப்பாளில் தண்ணீர் தேங்கி, பாரத்தில் கிழியும்.
3. தறப்பாளை அதன் ஓரத் துளைகளில் கயிறு போட்டுக் கட்டுங்கள். நடுவில் புதிய துளை போடாதீர்கள். ஆணி அடித்தே ஆக வேண்டுமானால் சோடா மூடியோ சைக்கிள் ரியூப் துண்டோ வைத்து அடியுங்கள்.
4. வாசல் வடகிழக்கைப் பார்க்க வேண்டாம். மாரிக்காற்று அந்தப் பக்கமிருந்தே வரும்.
5. நிலத்தை அரையடி உயர்த்தி மண் போட்டு இடியுங்கள். சுற்றிவரக் கான் வெட்டி, தண்ணீர் அயல்வீட்டுக்குப் போகாமல் பள்ளப் பக்கம் திருப்புங்கள்.

கட்டிய பின்

வெயில்தான் தறப்பாளின் முதல் எதிரி. மேலே கிடுகோ பனையோலையோ வேய்ந்தால் உள்ளே வெக்கை குறையும், தறப்பாளும் கூடுதல் காலம் உழைக்கும். காற்றுக்குப் பின்னும் மழைக்குப் பின்னும் கயிறுகளை இறுக்குங்கள்.

தறப்பாள் நெருப்புப் பட்டவுடன் உருகி எரியும். சமையலுக்கு வெளியே தனிக் கொட்டில் போடுங்கள். குப்பி விளக்கை எரிய விட்டு உறங்காதீர்கள்.

மழை நாட்களில் பாம்புகள் மேட்டு நிலத்தைத் தேடி வரும். நிலத்தில் படுக்காமல் தடிகளால் ஒரு பரண் கட்டுங்கள். நுளம்பு வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகி விடுங்கள். பாம்பு கடித்தால் கடிவாயை வெட்டவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், குடும்பப் பதிவு அட்டை ஆகியவற்றைத் தண்ணீர் புகாத பையில் சுற்றி, முகட்டோடு கட்டி வையுங்கள். எத்தனையோ இடப்பெயர்வுகளில் காப்பாற்றிக் கொண்டு வந்தவற்றை ஒரு மழைக்கு இழந்து விடாதீர்கள்.

தனித்து வாழும் தாய்மார், முதியோர், காயமடைந்தோர் உள்ள வீடுகளுக்குக் கப்பு நடுவதே பெரும் பாடு. உங்கள் கொட்டிலைக் கட்டி முடித்ததும் அத்தகைய அயல்வீட்டைப் பாருங்கள். நாலு பேர் கைகொடுத்தால் ஒரு கொட்டிலுக்கு ஒரு பகல் போதும். கிராம அபிவிருத்திச் சங்கத்துடன் பேசி, மழை தொடங்கும் முன் ஒரு சிரமதானத்துக்கு நாள் குறியுங்கள்.