செருப்பைத் தடுத்த நீதிமன்றம்

"சட்டம் என்றால் ஒன்றுதானே, அதிலென்ன இரண்டு வகை? இரண்டையும் ஏன் படிக்க வேண்டும்?" என்று கேட்பார்கள் எருமப்பட்டித் தோழர்கள். நியாயமான கேள்வி! விடை தேடிச் சீமைக்குப் போக வேண்டாம். நாமக்கல் லாரி ஒரே இரவில் போய்ச் சேரும் புதுச்சேரி போதும்.

ஆங்கிலேயன் ஆண்ட நம் சேலத்திலே, முன்னாள் தீர்ப்பே பின்னாள் வழக்குக்கு வழிகாட்டி. இதற்குப் பொதுச் சட்ட முறை என்று பெயர். வக்கீல் வீட்டு அலமாரியில் தீர்ப்புத் தொகுதிகளை அடுக்கி வைத்திருப்பது அழகுக்காக அல்ல! 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் போல் எழுதிய சட்டங்கள் உண்டு. அவற்றுக்கும் பொருள் சொல்வது தீர்ப்புகளே. பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரியிலோ முதலிடம் ஏட்டுக்கு. நெப்போலியன் 1804இல் கொண்டு வந்த சிவில் சட்டத் தொகுப்பு, 2281 விதிகள் கொண்டது. தீர்ப்பின் மூலம் பொதுவிதி வகுக்க நீதிபதிக்கு உரிமையில்லை என்று அதன் ஐந்தாம் விதி கட்டளையிட்டது.

ஏட்டிலே சமத்துவம், நாட்டிலே? 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற தமிழ் வழக்கறிஞர், ஐரோப்பியச் செருப்பணிந்து புதுச்சேரி நீதிமன்றத்தில் நுழைந்தார். அதற்காகத் தண்டிக்கப்பட்டார்! அடங்கினாரா? பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடினார், வென்றார். 1881இல் ஓர் ஆணை வந்தது. தம் குலவழக்கைத் துறப்பதாக எழுதிக் கொடுப்போர் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம் என்றது. 'பிள்ளை' போயிற்று, 'லப்போர்த்' என்ற குடும்பப் பெயர் வந்தது. வாயிற்கதவு என்று பொருள். ஒடுக்கப்பட்டோர் பலர் அந்த வாயிலில் நுழைந்தனர்.

உள்ளே என்ன கண்டார்கள்? தந்தை சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு! நம் பக்கத்தில், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தரும் தமிழகச் சட்டம் 1989இல்தான் வந்தது. அதுவும் அதற்கு முன் மணமான பெண்களை விலக்கி வைத்தது. இந்தியா முழுதும் வந்தது 2005இல்.

அதற்காக நெப்போலியன் ஏட்டுக்குக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதியதும் அதே ஏடுதான்!

1954இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கியது. 1962இல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. 1968இல் இந்தியச் சட்டங்கள் பல அங்கே விரிந்தன. ஆனாலும் இந்து திருமணச் சட்டம், குலவழக்கைத் துறந்த அந்தக் குடும்பங்களைத் தொடுவதில்லை. அவர்களுக்குப் பழைய பிரெஞ்சுச் சட்டமே இன்றும். ஒரு முறை மட்டும் படித்த வக்கீல் அங்கே ஒற்றைக் கண்ணர்! பிரெஞ்சுக்காரன் 1838இல் தொடங்கிய சட்டப்பள்ளியின் வழிவந்த கல்லூரி, இன்று அம்பேத்கர் பெயர் தாங்கி நிற்கிறது. கடல் தாண்டினால் இலங்கையில் டச்சுக்காரன் விட்டுச் சென்ற ரோமன்-டச்சுச் சட்டம், ஆங்கிலச் சட்டம், யாழ்ப்பாணத் தேசவழமை மூன்றும் உண்டு.

தோழர்களே! பேசுவது ஒரே தமிழ். ஆண்டவன் மாறியதால் சட்டம் மாறியது. அப்படியானால் சட்டம் வானத்திலிருந்து விழுந்ததல்ல, மனிதன் எழுதியது, மனிதன் மாற்றக்கூடியது! ஒரு சட்டம் மட்டும் படித்தவன் "விதி இதுதான்" என்று தலையசைப்பான். இரண்டும் படித்தவன், "அங்கே மகளுக்குப் பங்கு கிடைத்ததே, இங்கே ஏன் கிடைக்கவில்லை?" என்று கேட்பான். கேட்கத் தெரிந்த அந்த வக்கீல், லாரிப் பட்டறைத் தொழிலாளி வீட்டிலிருந்தும் வரட்டும்!